சேபாவில் விசாரித்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மனைவி. எங்கள் ஒரே மகள். மனைவியின் தம்பி, கிறேஃபெல்டிலிருந்து ரயிலில் வந்திருந்தான். மகள் கூட்டி வந்த பெடியன். வேறு ஒருவரும் இல்லை.

வீடு ஜெர்மனியில், ஆஹென் நகரத்தில், மூன்றாம் மாடி. எனக்கு வேலை ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற தொழிற்சாலையில். இருபத்தெட்டு வருடம் ஒரே இடம். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

மகள் இங்கேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். வீதி, பாலம் கட்டுகிற படிப்பு. பெடியனும் அதே வகுப்பு. மூன்று வருடப் பழக்கம் என்பதை அந்த மே மாதம்தான் சொன்னாள். சொன்னபோது அழவில்லை.

“கலியாணம் கட்டிப்போட்டு அவன்ர ஊருக்குப் போகப்போறம். நீங்கள் ரெண்டு பேரும் வரவேணும். வராட்டியும் கட்டுவன்” என்றாள்.

மனைவியும் ஒரு வசனம்தான் சொன்னாள். “விசாரிக்காமல் நான் வரமாட்டன்.”

இரண்டு பேரும் சொன்னால் சொன்னதுதான். மகள் நாங்கள் இல்லாமல் கையெழுத்து வைக்கப் போகிறாளா என்பது அந்த விசாரிப்பில் நின்றது.

எங்கள் ஆட்களில் ஒரு சம்பந்தம் வந்தால் முதலில் விசாரிப்போம். பெற்றவர்களிடம் கேட்பதில்லை. அயலில் கேட்போம். எந்த ஊர் என்றாலும் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு கோல் எடுத்தால் போதும். தகப்பன் குடியா, தாய் வாய்க்காரியா, மூத்தது ஏன் இன்னும் கட்டவில்லை, எல்லாம் அரை மணித்தியாலத்தில் வந்துவிடும்.

பெடியனின் ஊர் சேபா. கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. ஒல்லாந்துக்குச் சொந்தம். மனைவி ஒரு கிழமை போனில் தேடினாள். நோர்வேயின் வடக்கு முனையிலும் எங்கள் ஆள் ஒருவர் மீன் வெட்டுகிறார். சேபாவில் ஒருவரும் இல்லை. அதனால்தான் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் நாலு இடம் வேலை செய்தவன். ஆளைப் பார்த்துச் சொல்லுவான் என்று.

பெடியன் உயரம். நிறத்தில் எனக்குத் தம்பி என்று சொல்லலாம். எங்களோடு ஜெர்மனில் கதைத்தான். அவன் சொன்னதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

சோறு, பருப்பு, றால் குழம்பு, தேங்காய்ப்பால் சொதி. கையால் சாப்பிட்டான். மகள் பழக்கியிருக்கிறாள்.

“தீவெண்டால் வெள்ளை மணல், தென்னை. படத்தில பாத்தனான்” என்றான் மச்சான்.

“எங்களிட்டக் கடற்கரை இல்லை” என்றான் பெடியன். “ஒரு மூலையில கொஞ்ச மணல் வரும். சில மாசம் நிக்கும். பிறகு கடல் கொண்டுபோயிடும்.”

பிறகு சாப்பாட்டுத் தட்டில் இருந்த சோற்றைக் கூட்டி உயரமாகக் குவித்தான். “இதுதான் சேபா. ஒரு எரிமலை. கடலிலயிருந்து நேரே எழும்பி நிக்குது. தட்டையான இடம் கிடையாது.”

“அப்ப இது கடல்” என்று மச்சான் சுற்றிவரச் சொதியை விட்டான்.

“எரிமலை எழும்பாதோ?” மனைவி கேட்டாள்.

“இப்ப நித்திரை. எழும்பாதெண்டு எழுதித்தர ஏலாது.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. மனைவிக்குப் பிடிக்கவில்லை.

சோற்றின் மேல் நாலு மிளகாய்த் துண்டு வைத்தான். நாலு ஊர். மொத்தம் இரண்டாயிரம் சனம் போல. தலைநகரத்தின் பெயருக்கு அடிப்பக்கம் என்று பொருள். ஆனால் அதுவும் மலைக்கு மேல்தான். மற்ற ஊர்கள் அதற்கும் மேல். குடிக்கிற தண்ணீர் மழைத்தண்ணீர். கூரையில் விழுவதைப் பிடித்து வீட்டுக்குக் கீழே தொட்டியில் விடுவார்களாம். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை. வேறு நிறக் கூரை போட்டால் ஊர் கதைக்குமாம்.

பருப்பில் விரலைத் தொட்டு மேலிருந்து கீழே வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டான். வீதி. ஒல்லாந்து இஞ்சினியர்மார் வந்து பார்த்துவிட்டு இங்கே வீதி போட ஏலாது என்று சொல்லிப் போனார்களாம். ஊரில் ஒருவர் தபாலில் பாடம் எடுத்துப் படித்தார். சனத்தைச் சேர்த்தார். கையால் கட்டினார்கள். இருபது வருடம் போனது.

“அந்த வீதியைப் பாக்கிற பகுதியிலதான் எனக்கு வேலை சரிவந்திருக்கு” என்றான்.

“அரசாங்கக் கந்தோர் உத்தியோகம்” என்று மச்சான் மனைவிக்குத் தமிழில் சொன்னான். அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்போம்.

பெடியன் நிமிர்ந்தான். “கந்தோரோ? அது ஒல்லாந்துச் சொல்லெல்லோ.”

“உன்னை ஆண்டவன்தான் எங்களையும் ஆண்டவன் தம்பி. எங்களை விட்டிட்டுப் போட்டான். உங்களை ஏன் இன்னும் விடேல்லை?”

“நாங்கள் விடேல்லை” என்றான் பெடியன். “வாக்கெடுத்துக் கேட்டவை. உங்களோடையே இருக்கிறம் எண்டு சொல்லிப்போட்டம்.”

மச்சான் சிரித்ததில் சொதி மேசைவிரிப்பில் சிந்தியது.

பிறகு ஆட்சி பற்றி விசாரித்தான். பெடியன் சொன்னது இவ்வளவுதான். சேபா ஒல்லாந்தில் ஒரு நகரசபை மாதிரி, கொஞ்சம் வேறு சட்டத்தோடு. அரசர் பெயரில் ஒரு ஆளுநர் இருப்பார். தீவுச் சபைக்குச் சனம் வாக்குப் போடும். சபையில் ஐந்து பேர். பாஸ்போர்ட் ஒல்லாந்து. காசு அமெரிக்க டொலர். பள்ளிக்கூடமும் வீட்டுப் பேச்சும் இங்கிலீஷ்.

“அஞ்சு பேரோ?” என்றான் மச்சான். “எங்கட கோயில் நிர்வாகத்தில பதினைஞ்சு பேர். ஒரு தேர் இழுக்க ஏலாமல் கிடக்கு. உங்கட ஆக்கள் சண்டை பிடிக்கிறேல்லையோ?”

“பிடிப்பினம். ஆனால் பாண் வாங்க அதே கடைக்குத்தான் போகவேணும். அதால கனநேரம் பிடிக்க ஏலாது.”

மனைவிக்கு ஆட்சியில் அக்கறை இல்லை. அவளுக்கு ஜெர்மன் விளங்கும். ஆனால் அவள் கேட்க நினைத்ததற்கு ஜெர்மனில் சொல் இல்லை. மகளைப் பார்த்தாள்.

“ஆக்கள் ஆரெண்டு கேள்.”

“அதை நான் கேக்கமாட்டன் அம்மா.”

மச்சான்தான் வாய் திறந்தான்.

“அக்கா, உனக்கு ஒரு தீவான் காணாதெண்டு இன்னொண்டும் வருது.”

“நீ சாப்பிடு” என்றாள் மனைவி.

நான் நெடுந்தீவு. அவள் யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம். என்னை விசாரிக்க அவர்கள் வீட்டார் ஆள் அனுப்பியபோது, தீவான் என்ற இளக்காரச் சொல்லோடுதான் ஆள் திரும்பி வந்தான். அவள் என்னைக் கட்டினாள். அதற்குமேல் அது பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

அன்று பின்னேரம் மச்சான் ஸ்டேசனில் என்னிடம் சொன்னான். “பெடியன் நல்லவன் அத்தான். ஆனால் நான் சொன்னாக் காணாது. அக்காவுக்கு அங்கத்தை ஆள் ஒராள் சொல்லவேணும்.”

சரி என்று முடிவெடுத்தேன்.

திங்கட்கிழமை எனக்கு இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. குளித்தேன். தேத்தண்ணி குடித்தேன். தீவு அரசாங்கத்தின் இலக்கம் இணையத்தில் இருந்தது. நாலு மணிக்கு எடுத்தேன். அங்கே காலை பத்து. என் இங்கிலீஷ் தொழிற்சாலை இங்கிலீஷ். பக்கத்து மெஷினில் கானாக்காரர் ஒருவர் நிற்கிறார், அவரிடம் பழகியது. அதுவே காணும் என்று நினைத்தேன். காணத்தான் செய்தது.

ஒரு அரசாங்கக் கந்தோருக்கு எடுத்தால் முதலில் பாட்டுப் போடும், பிறகு ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று சொல்லும். அங்கே இரண்டாவது மணி அடித்ததுமே ஒரு பெண் எடுத்தார்.

“நான் ஜெர்மனியிலயிருந்து. ஒரு பெட்டைக்குத் தகப்பன். ஒரு பெடியனைப் பற்றி விசாரிக்கவேணும்” என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. “எந்தப் பெடியன்?”

பெயர் சொன்னேன்.

“அந்தப் பெயரில ஊரில பாதி. ஜெர்மனியில படிச்சவனோ? உயரமானவனோ?”

“ஓம்.”

“நல்ல பெடியன். என்ர ஒண்டுவிட்ட அக்காவின்ர மகன். அங்க ஒழுங்காச் சாப்பிடுறானோ?”

“சாப்பிடுறார். குடும்பம் எப்பிடி?”

“தகப்பன் மீன்பிடி. கடலில போனவர், வரேல்லை. கனகாலம். தாய் ஆஸ்பத்திரியில சமையல். உங்கட மகளைக் கட்டப்போறானோ?”

“ஓம்.”

“கொஞ்சம் பொறுங்கோ” என்றார். ரிசீவரைப் பொத்தாமல் அறைக்குள் யாருக்கோ சொன்னார். அந்த ஆள் இன்னொருவருக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. கதவு ஒன்று அடித்தது. நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். காரியம் சுலபமாக முடிந்தது என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்கு எங்கள் போன் அடித்தது. நீளமான இலக்கம்.

“நீங்கள் தகப்பன். நான் தாய்” என்றது ஒரு பெண்குரல். “என்னைக் கேக்காமல் கந்தோரை ஏன் கேட்டனீங்கள்?”

நான் எழும்பி நின்றேன். இரண்டு கிழமைச் சம்பளம் வெட்டுகிறோம் என்று சொன்ன முதலாளிக்கு முன்னும் நான் அப்படி நின்றதில்லை.

“இது எங்கட வழமை. முதல் அயலைத்தான் கேக்கிறது. பெத்தவை நல்லதெண்டுதான் சொல்லுவினம்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை மூடினார்.

“அது சரி” என்றார். “நானும் அப்பிடித்தான் செய்திருப்பன். ஆனால் என்ர மகனுக்குக் கலியாணம் எண்டு ஆஸ்பத்திரிக்கு மீன் கொண்டுவந்தவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை நீங்கள் யோசிச்சுப் பாருங்கோ.”

“பிழைதான்” என்றேன்.

“இப்ப நான் உங்களைப் பற்றி ஆரைக் கேக்கிறது?”

நியாயமான கேள்வி. எங்கள் ஆட்களைச் சொன்னால் நல்லதாகத்தான் சொல்லுவார்கள். கீழ்வீட்டு மனிசியின் இலக்கத்தைக் கொடுத்தேன். அவர் ஜெர்மன்காரர். முந்தி இங்கிலீஷ் படிப்பித்த வாத்தியார். பத்தொன்பது வருடம் எங்களுக்குக் கீழே. சைக்கிள் விட்ட இடத்துக்கும் மீன் பொரித்த மணத்துக்கும் எத்தனையோ முறை கடிதம் எழுதிக் கதவில் ஒட்டியவர். நான் அவருக்கு ஒரு பொய்யும் சொன்னதில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

ஏழு மணிக்கு மகள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“அவன் ஓகஸ்ட்டில போய்த் தாய்க்கு நேரே சொல்ல இருந்தவன். ரிக்கெற்றும் எடுத்திட்டான். நீங்கள் தாய்க்கு முதல் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டியள் அப்பா.”

“ஒராளுக்குத்தான் சொன்னனான்.”

“அங்க ஒராள் எண்டால் எல்லாரும்.”

“எனக்கு அது தெரியாது.”

“அவனைக் கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். எங்களோட இருந்து சாப்பிட்டவன். அவன்ர முகத்தைப் பாத்துக் கேக்கேலாமல் கந்தோருக்கு அடிச்சனீங்கள்.” மனைவியைப் பார்த்தாள். “நீங்கள் வராட்டியும் பரவாயில்லை.”

படியிறங்கிப் போனாள். மனைவி கதவைப் பூட்டினாள். “விசாரிச்சதில என்ன சொன்னவை?” என்று கேட்டாள். நல்ல பெடியன், தகப்பன் இல்லை, தாய் ஆஸ்பத்திரிச் சமையல் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சமாதானமானதாகவும் தெரியவில்லை.

அந்தக் கிழமை மகள் போன் எடுக்கவில்லை. நான் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். தமிழில்தான். “பெடியனிட்டை நான் மன்னிப்புக் கேக்கவேணும். எப்ப வரட்டும்?” பதில் புதன்கிழமை வந்தது. “இண்டைக்கு.” போனேன். அவன் மாணவர் விடுதியில் இருந்தான். கேட்டேன். கை கொடுத்தான். “அம்மா இப்ப என்னோடதான் கோவம்” என்றான். கோப்பி போட்டுத் தந்தான். தண்ணியாக இருந்தது. குடித்தேன்.

வெள்ளிக்கிழமை படியில் கீழ்வீட்டு மனிசி என்னை மறித்தார்.

“கரீபியனிலயிருந்து ஒரு அம்மா எடுத்தவ. ஐம்பது நிமிசம்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“உண்மையை.”

“உண்மையெண்டால்?”

“மீன் மணம். சைக்கிள். பத்தொன்பது வருசத்தில உங்கட முறைக்குப் படி துடைக்கிற கிழமையை நீங்கள் ஒருதரமும் தவறவிடேல்லை எண்டதும் சொன்னனான். பனி தள்ளுறதும்.” மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். “உங்கட மகள் சத்தமாச் சிரிப்பாவோ எண்டும் கேட்டவ. மூண்டு மாடிக்குக் கேக்கும் எண்டு சொன்னன். அது நல்லதெண்டு சொன்னவ.”

மனைவி மேலே கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் சொன்னாள். “அந்த மனிசியும் விசாரிச்சிருக்குது.”

“ஓம்.”

“எங்களை மாதிரி.”

“ஓம்.”

“ஞாயிற்றுக்கிழமை எடுங்கோ. நான் கதைக்கவேணும்.”

ஞாயிறு நாலு மணி. மகளும் வந்தாள். யன்னல் பக்கம் இருந்தாள். மனைவிக்கு இங்கிலீஷ் இல்லை. மகள் மொழிபெயர்க்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டாள். நான் போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்க விட்டேன். சுகம் விசாரித்தார்கள். மழை பற்றிக் கேட்டார்கள். அங்கே புயல் காலம் தொடங்கப் போகிறதாம். தொட்டி நிறைந்தால் நல்லது, கூரை போனால் கெட்டது என்றார் அந்த அம்மா.

மனைவி என்னைப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ. இப்ப கேளுங்கோ. என்ன ஆக்களெண்டு.”

மகள் எழும்பினாள். நான் கையைக் காட்டினேன். நின்றாள்.

கேட்டேன். எனக்கு வந்த இங்கிலீஷில், அப்படியே.

அந்த அம்மாவுக்குக் கேள்வி விளங்கியது.

“நாங்கள் சுமந்த ஆக்கள்” என்றார். “வீதி வர முந்தி எல்லாம் வள்ளத்தில வரும். பாறையில வெட்டின படி. எண்ணூறு. என்ர அம்மாவின்ர ஆக்கள் தலையில வைச்சு ஏத்தினவை. அரிசி, சீமெந்து, கட்டில். ஒருதரம் ஒரு பியானோ. பிறகு வீதிக்குக் கல்லுச் சுமந்தவை. நான் ஆஸ்பத்திரிப் பானை சுமக்கிறன். வேற ஒண்டுமில்லை.”

நான் தமிழில் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மனைவி மேசைவிரிப்பை நேராக்கினாள். சொதிக் கறை அதில் இன்னும் கிடந்தது.

“நான் பதினாறு வருசம் ஹோட்டலில அறை துப்பரவாக்கினனான் எண்டு சொல்லுங்கோ. நாளுக்குப் பதினெட்டு அறை. மெத்தை எல்லாம் நான்தான் தூக்கினது.”

சொன்னேன்.

“பதினெட்டோ? எங்கட ஹோட்டலுகளில அவ்வளவு அறை இருக்குமோ தெரியாது. இடுப்பு எப்பிடி?”

“இடுப்புப் போச்சு எண்டு சொல்லுங்கோ.”

“எனக்கும்” என்றார் அந்த அம்மா.

பிறகு இடுப்புக்கு என்ன பூசுவது என்று பத்து நிமிடம் போனது. நான் இரண்டு பக்கமும் சொல்லிக் களைத்தேன். நடுவில் மகள் வந்து கதிரையை இழுத்து இருந்தாள். மீதியை அவளே மொழிபெயர்த்தாள்.

கலியாணப் பதிவு சேபாவில்தான் என்று அந்த அம்மா சொன்னார். கந்தோரில் என் போனை எடுத்த பெண்தான் கடதாசி வேலையெல்லாம் பார்ப்பாராம். தான்தான் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தது என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம்.

“எனக்கு இப்ப ஒண்டு தெரியவேணும்” என்றார். “உங்கட பக்கத்தில எத்தினை பேர்? ஹோட்டல் வேண்டாம். வீட்டுக்கு ரெண்டு பேராப் பிரிச்சு விடப்போறன். இண்டைக்கே சொன்னால்தான் ஆக்கள் பாய் தலகாணி பாப்பினம்.”

மகள் தாயைப் பார்த்தாள்.

மனைவி விரலை மடக்கினாள். “தம்பி வீட்டில நாலு. லண்டன் அக்கா வீட்டில அஞ்சு. பாரிசில உங்கட அண்ணையும் அண்ணியும் ரெண்டு. நீங்கள்.” தன்னைச் சேர்க்காமல் விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

நான் மனதில் கூட்டினேன். மகளிடம் சொன்னேன். அவள் குரல் இறங்கித்தான் போனது. “பன்னிரண்டு” என்று இங்கிலீஷில் சொன்னாள்.

“பன்னிரண்டு” என்று அந்த அம்மா எழுதிக்கொள்வது கேட்டது.

மனைவி கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் இழுத்தாள். “நோ” என்றாள். அவளுக்கு ஹோட்டலில் அறை இலக்கங்கள் இங்கிலீஷிலும் சொல்லிப் பழக்கம். குனிந்து, போனுக்குக் கிட்டப் போய்ச் சொன்னாள்.

பதின்மூன்று.